ஃபேமிலிக்கு மட்டும்

ஜன்னல் சீட்டு கெடச்சுடுச்சு, மாம்பலத்துல ஏறி ஜன்னல் சீட்டு கெடைக்கறதுன்னா அது ஞாயித்துக்கெழம மட்டும் நடக்கற அதிசயம், கனி ஏறின ஒடனே செருப்பக் கழட்டிட்டு சீட்டு மேல முட்டி போட்டு கம்பியப் புடிச்சுக்கினா, நான் அவ கவுன ஒரு கையால புடிச்சுக்கினு ஒக்காந்துட்டேன், இனிமே சிங்கபெருமாள் கோயில் வர்ற வரைக்கும் எனக்கு வேல ஒண்ணே ஒண்ணுதான், எம் பொண்டாட்டி அஞ்சலை ஏன் வரலன்னு, வாடகைக்குப் பாக்கப் போற வீட்டு ஓனரம்மாகிட்ட சொல்ல ஒரு நல்ல பொய் கண்டுபுடிக்கணும். செத்துப் போனவ எப்பிடி வருவா, அது எனக்குத் தெரியும், கனிக்குத் தெரியும், அந்தம்மாவுக்குத்தான் தெரியாது. அந்தம்மா கணக்குல அஞ்சலை நல்லா இருக்கா, காலைல கூட ஃபோன்ல பேசினா, அரை மணி நேரம் பேசினா, சமையக்கட்ட வந்து பாக்கறேன்னு வேற சொல்லிட்டா. சொன்னது என் வாயிதான். ஆனா வாய் எப்பவும் நான் சொல்றதக் கேக்காது, அதுக்குன்னு ஒரு பொழப்பு இருக்கு, அது பாட்டுக்கு ஓடும். ஜொரம்னு சொல்லலாமா. ஜொரம் வேணாம். அவளுக்கும் ஜொரம்னுதான ஆரம்பிச்சுது, ரெண்டு மாத்திர போட்டா சரியாப் பூடும்னு நான்தான மெடிக்கல்ல வாங்கினு வந்தேன், கண்ணு மஞ்சளா இருக்குன்னு மொதல்ல பாத்தது கனிதான், அம்மா கண்ணுல மஞ்ச பூசியிருக்கு பாருப்பான்னு சிரிச்சா. ஜொரம் வேணாம். வேற எதாவது.

சைதாப்பேட்ட. கிண்டி. கிண்டில ஒரு கூட்டம் ஏறுது, ஒரு சமோசாக்காரன், "மோசா மோசா சம்மோசேய்"னு மூக்கால இழுக்கறான், எனக்கு வாய் ஊறுது, சமோசாவுக்கு இல்ல, அந்தக் கொரலுக்கு. எந்தக் கொரலக் கேட்டாலும் எனக்கு அப்பிடித்தான், தொண்டைல அரிக்கும், திருப்பிச் சொன்னாத்தான் அடங்கும். அந்த அரிப்புலதான் சோறே துன்றேன், ரங்கநாதன் தெருவுல ஜவுளிக்கட வாசல்ல நின்னுக்கினு கையத் தட்டி, வாம்மா வாம்மா, ரெண்டு எடுத்தா ஒண்ணு சும்மா, பாத்துட்டுப் போம்மா பாக்கறதுக்குக் காசு இல்லம்மான்னு கத்தறது நான்தான், தணிகான்னு கேட்டா தெருவுல எல்லாருக்கும் தெரியும். மொதலாளி மாதிரி பேசுவேன், மொதலாளி மாமியார் மாதிரி பேசுவேன், பொடவ வாங்க வந்து எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுட்டு ஒண்ணும் புடிக்கலன்னு போற அம்மாங்க மாதிரி பேசுவேன், பசங்க வயித்தப் புடிச்சுக்கினு சிரிப்பானுங்க. "அப்பா, சமோசா மாமா மாதிரி சொல்லு"ன்னு கனி திரும்பறா. மெதுவா சொன்னேன். எதிர் சீட்டுல ஒரு ஆயா சமோசாக்காரன் திரும்பி வந்துட்டான்னு பையத் தொறந்துச்சு. கனி கம்பில தலய முட்டிக்கினு சிரிக்கறா. சிரிக்கறப்ப அப்பிடியே அஞ்சலையோட மேல் பல்லு. நான் வெளிய பாத்தேன்.

மூணு மாசமா வீடு பாக்கறேன். இப்ப இருக்கற வீட்ட இடிச்சுட்டு ஃபிளாட்டு கட்டப் போறானுங்க, மேக்கு மாம்பலத்துல இனிமே எனக்கெல்லாம் யாரும் வீடு தர மாட்டாங்க, சம்பளத்தப் பூரா குடுத்தாலும் ஒரு ரூமு, அதுல சன்னல் வச்சா அது தனி. அதனால ரயில் லைன்லயே தள்ளிப் போ தணிகான்னாரு புரோக்கர் கோவிந்தசாமி, "ஃபேமிலிக்கு ஏத்த ஏரியாப்பா, அமைதியா இருக்கும், காத்து வரும், ஸ்கூலு பக்கத்துலயே, ஸ்டேஷனு அஞ்சு நிமிஷம்"னு அவரு ஒவ்வொரு வீட்டுக்கும் இதே பாட்டுதான். அமைதின்னா பஸ்ஸு கெடையாதுன்னு அர்த்தம். காத்துன்னா சுத்தி வீடே இல்லன்னு அர்த்தம். அஞ்சு நிமிஷம்னா யாராவது வண்டில ஏத்திக்கினு போனா அஞ்சு நிமிஷம். அதெல்லாம் பரவால்ல, நான் நடப்பேன், கனியத் தூக்கிக்கினு நடப்பேன். கஷ்டம் அதுல இல்ல. ஒவ்வொரு கேட்டுலயும் ஒரு அட்ட தொங்கும், டு லெட், ஃபேமிலிக்கு மட்டும். பெருங்களத்தூர்ல ஒரு பெரியவரு கேட்டாரு, "ஃபேமிலியா?" "ஆமா சார், நானும் எம் பொண்ணும்." "வீட்டம்மா?" "இல்ல சார், தவறிட்டாங்க." "அடடா. அடடாடா. என்னப்பா ஆச்சு? பாவம் கொழந்த." அவரு கண்ணுலயே தண்ணி வந்துடுச்சு, எனக்கு சந்தோஷம், நல்ல மனுசன், வீடு கெடச்சுதுன்னு நெனச்சேன். கண்ணத் தொடச்சுக்கினு சொல்றாரு, "நாங்க ஃபேமிலிக்குத்தாம்ப்பா குடுக்கறது." ஊரப்பாக்கத்துலயும் அதான். கூடுவாஞ்சேரிலயும் அதான். கோவிந்தசாமிகிட்ட சண்டைக்குப் போனேன், "நானும் பொண்ணும் இருந்தா அது ஃபேமிலி இல்லாம பிரியாணிக் கடையாய்யா?" அவரு பீடியப் பத்த வச்சுக்கினு சொல்றாரு, "ஃபேமிலின்னா பொம்பள இருக்கணும்டா. வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்த ஆளு வேணாமா? குடி போனா பால் காய்ச்சணும், யாரு காய்ச்சுவா, நீயா?" நான் காய்ச்ச மாட்டனா. தெனைக்கும் கனிக்கு நாந்தான காய்ச்சறேன். பொங்கி அடுப்புல ஊத்திக்கினே காய்ச்சறேன், குடி போறப்போ பொங்கித்தான ஆவணும், அதுக்கு என்ன விட நல்ல ஆளு எவன் இருக்கான்.

பல்லாவரம் தாண்டிடுச்சு, கல்லு மலையெல்லாம் போவுது. அம்மா வந்தா இங்க எறங்கணும்னு சொல்லும்ல, சந்தைக்கு, அப்பிடின்னு கனி சொல்றா, ஆமா கண்ணுன்னேன். ஃபோன்ல அஞ்சலை கொரலு தானாத்தான் வந்துது, திட்டம்லாம் ஒண்ணும் இல்ல. போன புதங்கெழம கோவிந்தசாமி ஒரு நம்பர் குடுத்தாரு, சிங்கபெருமாள் கோயிலு, மரகதம்மான்னு பேரு, கீழ் வீடு, தனி வாசல், வாடக நமக்கு ஆவும், பக்கத்துலயே பள்ளிக்கூடம், தண்ணி நல்ல தண்ணி, ஆனா அந்தம்மா ஆம்பளைங்ககிட்ட பேசாது, லேடீஸ்கிட்டதான் பேசும்னாரு. ஃபோன் போட்டேன். "வீட்டம்மாகிட்ட குடுங்க தம்பி." இதோ குடுக்கறேம்மான்னேன். சொல்லிட்டு ஃபோனக் கையில வச்சுக்கினு நிக்கறேன். கட மாடில, சரக்கு ரூமுல, சுத்தி அட்டப்பொட்டி. வச்சுடலாம்னுதான் நெனச்சேன், சத்தியமா. தொண்டைல அரிச்சுது. "ஹலோ... சொல்லுங்கம்மா, நான் அஞ்சலை பேசறேன்." எம் மயிரு பூரா நட்டுக்கிச்சு. அவ இருந்தப்ப அவள மாதிரி பேசிக் காட்டுவேன், கரண்டி பறக்கும், அவ போனதுக்கு அப்புறம் ஒரு தபா கூட பேசினதில்ல, கடைல பசங்க கேட்டாக் கூட பேசல, அது எங்கயோ அடில கெடந்துருக்கு, கூப்பிட்ட ஒடனே வந்துடுச்சு. அட்டப்பொட்டிங்க நடுவுல அவ நிக்கற மாதிரியே இருந்துது. அந்தம்மா தண்ணி எப்ப வரும்னு சொல்லிச்சு, முருங்க மரம் இருக்குன்னு சொல்லிச்சு, அஞ்சலை அப்பிடியாம்மா, அப்பிடியாம்மான்னு கேட்டுக்கினா. ஃபோன வச்சதுக்கு அப்புறம் நான் அங்கயே பொட்டி மேல ஒக்காந்துட்டேன், மொதலாளி வந்து திட்டற வரைக்கும் எந்திரிக்கல.

அதுக்கு அப்புறம் வீட்டுக்காக பேசினனா, அவளுக்காக பேசினனா. தெனைக்கும் காலைல கனி குளிக்கறப்ப மொட்ட மாடில போயி பேசினேன், கனி காதுல விழவே கூடாதுன்னு தண்ணி டேங்க்குக்குப் பின்னாடி நின்னுக்கினு. அந்தம்மா முட்டி வலியப் பத்தி சொல்லிச்சு, மருமவ மதிக்கறதில்லன்னு சொல்லிச்சு, கர்ப்பப்பை எடுத்ததுலருந்து ஒடம்பு சரியில்லன்னு சொல்லிச்சு, யாருகிட்டயும் சொல்றதில்லம்மா, ஒன்கிட்ட என்னமோ சொல்லணும்னு தோணுதுன்னுச்சு. நான் வெக்கமே இல்லாம ஐயையோ, பாத்து நடங்கம்மா, வெந்நி ஒத்தடம் குடுங்கம்மான்னேன். இன்னிக்கு அது கேட்டுச்சு, "ஒங்க வீட்டுக்காரரு எப்பிடிம்மா? குடி கிடி உண்டா?" அங்கதான் மாட்டினேன். என்னப் பத்தி அஞ்சலை என்ன சொல்லுவா. அவ உசுரோட இருந்தப்ப என்னப் பத்தி ஒரு நல்ல வார்த்த சொல்லி நான் கேட்டதே இல்ல, வெளங்காதது, வாயி, வாயத் தவுர வேற ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவா, சிரிச்சுக்கினே சொல்லுவா, ஆனா அதத்தான் சொல்லுவா. நான் டேங்க்குல சாஞ்சுக்கினு அவ கொரல்ல சொன்னேன், "குடிலாம் கெடையாதும்மா. கொஞ்சம் வாயி ஜாஸ்தி, மத்தபடி தங்கமான மனுசன்ம்மா. எனக்கு ஒரு கொறயும் வெக்கல." சொல்லிட்டு நாந்தான் சொன்னேன்னு தெரியுது, ஆனாலும் மூஞ்சி சிரிக்குது, கண்ணாடி இல்ல, இருந்தாலும் தெரியுது சிரிக்கறது. எனக்கு ஒரு கொறயும் வெக்கல. அப்பிடியாடி. நெசமா சொல்லு. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நாளு முன்னாடி கூட்டிக்கினு போயிருந்தா. சரி வுடு. ரெண்டு நாளு. வுடு.

தாம்பரத்துல வண்டி நிக்குது நிக்குதுன்னு நிக்குது, ஃபோன் ஆடுது பாக்கெட்ல, பாத்தா மரகதம்மா. எடுத்தா அவகிட்ட குடுன்னும். கனி பக்கத்துல ஒக்காந்துக்கினு இருக்கு. "அப்பா ஃபோனு." "ராங் நம்பரு கண்ணு." "பேரு போட்டிருக்கே." "ராங் நம்பருக்கும் பேரு உண்டு கண்ணு." ஆடி ஆடி நின்னுடுச்சு. அக்கா வீட்ல விசேஷம்னு சொல்லலாம். அது நல்லாருக்கு. திடீர்னு கூப்பிட்டாங்க, போயிட்டா. இன்னிக்கு சரி. குடி வந்ததுக்கு அப்புறம்? ஒரு மாசம் அக்கா வீட்ல. இன்னொரு மாசம் அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல. பொங்கல் வரைக்கும் ஓட்டலாம். அதுக்கு அப்புறம் ஒரு நாளு போயிட்டான்னு சொல்லித்தான ஆவணும், அப்ப அந்தம்மா அழும், மால வாங்கினு வரும், மறுபடியும் நான் நின்னு தல ஆட்டணும். ரெண்டாவது தபா. அப்பவாவது அவள வீட்டுக்குள்ள வச்சுருப்பாங்களா. போன ஆடில ஆஸ்பத்திரிலருந்து அவளக் கொண்டாந்தப்ப, இப்ப இருக்கற வீட்டு ஓனரு மாடிப்படில கைய நீட்டிக்கினு நின்னுட்டாரு, கெட்ட மனுசன் இல்ல, அவரும் அழுதாரு, "மேல கொண்டு போவாத தணிகா, மேல போனா வீடே தீட்டாயிடும், பொட்டியும் படில திரும்பாது"ன்னாரு. திரும்பாதுதான். ஐஸ் பொட்டிய தெருவுல வச்சோம், சாமியானா போட்டு, எவனோ நிறுத்தின பைக்குப் பக்கத்துல, மழ தூறுது, பொட்டி மேல பிளாஸ்டிக் ஷீட்ட நாந்தான் புடிச்சுக்கினு நின்னேன், ஏழு வருசம் தொடச்சுத் தொடச்சு அவ கழுவின வீடு, உள்ள போவல. அன்னிலருந்து எந்த வீட்டப் பாத்தாலும் கிச்சன் பாக்கறதுக்கு முன்னாடி வாசலப் பாக்கறேன். அகலம் பாக்கறேன். திரும்பற எடம் பாக்கறேன். கோவிந்தசாமி கேக்கறாரு, என்னடா பீரோ பெருசான்னு. ஆமாண்ணே, பெருசுன்னேன்.

கனி என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா, வண்டலூரு, கூடுவாஞ்சேரி, பொத்தேரி எல்லாம் தூக்கத்துலயே போச்சு, எச்சி ஒழுவி சட்ட ஈரம். எழுப்பி எறக்கினேன். நல்ல வெயிலு. புரோக்கர் சொன்ன அஞ்சு நிமிஷத்த நடந்து நடந்து பாத்தா முடியவே இல்ல, ஆனா வழில பள்ளிக்கூடம் இருந்துது, நெசமாவே இருந்துது, மஞ்சக் கட்டடம், ஊஞ்ச கூட இருக்கு, கனி கம்பி கேட்டுக்குள்ள மூஞ்சிய நொழச்சுப் பாத்தா. "இங்கயா சேரப் போறேன்?" "பாக்கலாம் கண்ணு." "ஊஞ்ச இருக்குப்பா." "இருக்கு, இருக்கு." வீடும் நல்லா இருந்துது. பெரிய கேட்டு. கேட்டுலருந்து வாசல் வரைக்கும் நேரா சிமெண்டு தர, படி கெடையாது. நான் பாத்துக்கினே நின்னுட்டேன்.

மரகதம்மா வெளிய வந்துச்சு, குள்ளமா, வெத்தல போட்ட வாயி, முட்டியப் புடிச்சுக்கினு நடக்குது. "வாங்க தம்பி, வாங்க. ஃபோனு போட்டா எடுக்கலியே. எங்க அஞ்சலை?" "அவ அக்கா வீட்ல விசேஷம்மா, காலைல திடீர்னு கூப்பிட்டாங்க." "அடப் பாவமே. அவளுக்குன்னு பாயசம் வச்சேன்." கேட்டத் தொறக்க கைய வச்சுக்கினே கனியப் பாத்து சிரிச்சுது. "ஏய் குட்டி, உங்கம்மா என்னா அழகா பேசறா தெரியுமா? காலைல எவ்ளோ நேரம் பேசினோம்! ஒனக்கு வெண்டைக்கா புடிக்காதாமே?" கனி அந்தம்மாவப் பாத்தா. அப்புறம் என்னப் பாத்தா. "எங்கம்மாவா?" "ஆமா, உங்கம்மாதான்." "காலைலயா?" "காலைலதான்டி, ஃபோன்ல." எம் வெரலப் புடிச்சிருந்த கைய வுட்டுட்டா. அவ மூஞ்சில வந்தத நான் சொல்ல மாட்டேன், என்னால ஆவாது, யாரோ உள்ள லைட்டப் போட்ட மாதிரி வந்துது. "அப்பா, அம்மா ஃபோன் பண்ணிச்சா? எங்கிட்ட ஏம்ப்பா தரல?"

அந்தம்மாகிட்ட பொங்கல் வரைக்கும் பொய் சொல்லுவேன். இவகிட்ட ஒரு நிமிஷம் ஆவல. மொதலாளி கொரலு, சமோசாக்காரன் கொரலு, எல்லாம் இருக்கு, இதுக்கு எதுவும் வரல, எங்கொரல்லதான் அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு. "இல்லம்மா. அவ போன ஆடிலயே செத்துட்டா. ஃபோன்ல பேசினது நான்." அந்தம்மா சிரிச்ச மூஞ்சி அப்பிடியே நின்னுச்சு, எறங்கவே நேரம் ஆச்சு. "என்னாப்பா சொல்ற?" இவ்ளோ நேரம் தம்பி, வாங்கன்னுச்சு, இப்ப சொல்ற. "நாந்தாம்மா. பொம்பள இல்லன்னா வீடு தர மாட்டேங்கறாங்க. அதான்." அந்தம்மா முந்தானைய எடுத்து தோளு மேல நல்லா இழுத்துப் போத்திக்கிச்சு. "நான் என்னென்னவோ பேசினனேய்யா. ஒடம்பப் பத்தியெல்லாம் பேசினனே. பொம்பளன்னு நெனச்சுத்தானய்யா பேசினேன்." கத்தல. கத்தியிருந்தா பரவால்ல. எனக்கு தல நிமிரல. "ஒருத்தங்ககிட்டயும் சொன்னதில்ல"ன்னுச்சு, எனக்கு சொல்லல, கேட்டுக்கு சொல்லிச்சு. "மன்னிச்சுருங்கம்மா." "போப்பா. எங்க வீட்டுக்காரரு வர்றதுக்குள்ள போயிடு." உள்ள திரும்பிச்சு, நின்னுச்சு, கனியப் பாத்துச்சு, என்னப் பாக்காம ஒரு டம்ளர்ல பாயசம் கொண்டாந்து கம்பி வழியா நீட்டிச்சு. கனி வாங்கல.

வந்த வழியே திரும்பி நடக்கறோம். வீடு போச்சு. அடுத்த மாசம் எங்க போறதுன்னு எனக்குத் தெரியல, பரனூரு, செங்கல்பட்டு, இன்னும் அந்தாண்ட எதாவது பேரு இருக்கும், அங்கயும் கேட்டு இருக்கும், கேட்டுல அட்ட இருக்கும். கனி ரோட்டு ஓரமா ஒரு கல்ல ஒதச்சுக்கினே வருது, அழல, அழுதா தூக்கிக்கலாம். கல்லு சாக்கடைல விழுந்துச்சு. "எங்க, பேசு"ன்னா. "என்ன கண்ணு?" "அம்மா மாதிரி. அவங்ககிட்ட பேசினல்ல, எங்கிட்ட பேசு." "ரோட்ல எப்பிடி கண்ணு." "பேசு." நான் முன்னப் பின்னப் பாத்தேன், ஒரு நாயி, வேற யாரும் இல்ல. தொண்டயக் கனைச்சுக்கினேன். "கனிம்மா, வெயில்ல நடக்காத செல்லம், இந்தாண்ட நெழல்ல வா." அந்தக் கொரலேதான், மொட்ட மாடில வந்த அதே கொரலு. கனி தலயச் சாச்சு கேட்டா, ரேடியோ கேக்கற மாதிரி. அப்புறம் தலய ஆட்டினா. "இது அம்மா இல்ல."

"அம்மா மாதிரிதான கண்ணு இருக்கு?" "இல்ல. அம்மா செல்லம்னு எல்லாம் சொல்லாது." "பின்ன?" "வாடி எரும, கால ஒடைக்கறேன்னு சொல்லும்." ஆமா. அப்பிடித்தான் சொல்லும். வீடு கெடைக்கணும்னு நான் அவளுக்குத் தலய வாரி, நல்ல பொடவ கட்டி, வாயக் கழுவி வுட்டு பேச வச்சிருக்கேன், தங்கமான மனுசன்னு சொல்ல வச்சிருக்கேன், ஊருக்கெல்லாம் அது போதும், மரகதம்மாவுக்கு அது போதும், எனக்கே போதும்னுதான் இருந்துது, அப்ப இத்தினி நாளா டேங்க்குக்குப் பின்னாடி நான் யாருகிட்ட பேசிக்கினு இருந்தேன், காலு தானா நடக்குது, கண்ணு எரியுது, வெயிலுதான்னு நெனச்சுக்கினேன். "உன்னக் கூப்புடறதும் நீ சொல்லல"ன்னு கனி பின்னாடிலருந்து சொல்றா, அவ நின்னுட்டா, நான் தாண்டி வந்துட்டேன். "எப்பிடி கூப்புடும்?"னு கேட்டேன். அப்புறம் எம் முதுவுக்குப் பின்னாடி, மூக்குலருந்து ஆரம்பிச்சு, நடுவுல ஒடஞ்சு, கடைசில சிரிப்ப அடக்கிக்கினு, "யோவ்."

நான் திரும்பல. திரும்பினா கனிதான் நிக்கும்.

"இன்னொரு தபா சொல்லு"ன்னேன்.